பாக்ஸ்என் வேகனில் சாம்பல் பூத்த வார்னிஷ், பிடிக்காத ஜல்லி

கரிவண்டி:
ஹெச்ஓ அளவில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) ஒரு மாடல் ரயில் பண்றேன்: ஒரு நிலக்கரி சைடிங் (சரக்கு ஏத்தி இறக்கும் பக்கப்பாதை), ஆறு பாக்ஸ்என் வேகன் (நிலக்கரி ஏத்தும் மேல்மூடி இல்லாத சரக்கு வண்டி). மூணு சிக்கல். ஒன்னு: லாக்கர் வகை மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடிச்சுக் காய்ஞ்ச பிறகு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கருப்பு மை கலந்து பூசினேன். மறுநாள் தகடெல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கு. ரெண்டு: பசைச் சொட்டு விழுந்த இடத்தில் ஜல்லி உருண்டு குழி விழுது. மேல்தோல் மட்டும் இறுகி, அடியில் பொடியாவே இருக்கு. ஃபெவிக்காலும் தண்ணியும் பாதிக்குப் பாதி. மூணு: ஒரு வேகன் மட்டும் பாயிண்டில் (தடம் பிரியும் இடத்தில்) தடம் புரளுது. சுரண்டி எடுத்துட்டு முதலில் இருந்து ஆரம்பிக்கணுமா?

மழைக்கால_மேட்:
சுரண்ட வேண்டாம் நண்பரே. லாக்கர் மேட் மேல் ஆல்கஹால் பட்டால் இப்படித்தான் வெளுக்கும். அதே வார்னிஷை 25–30 செ.மீ. தள்ளிப் பிடித்து மெல்லிசாக ஒரு கோட் அடியுங்கள், வெள்ளை மறையும். மை அப்படியே நிற்கும். ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள்: மை ஓடிய இடம் மட்டும் வெளுத்திருந்தால் ஆல்கஹால். மை படாத இடமும் ஒரே சீராக வெளுத்திருந்தால் காற்றின் ஈரம். ஸ்ப்ரே ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து நீர் படிவதால் வருவது. அடைமழை நாளில் கேனைத் தொடவே தொடாதீர்கள்.

அடுத்த வேகனுக்கு வரிசையை மாற்றுங்கள்: ஆல்கஹால் மை முதலில் (100 மி.லி.க்கு 2 மி.லி. மை போதும்), வார்னிஷ் அதற்கு மேல். வார்னிஷுக்குப் பிறகு தண்ணீரில் கரைத்த அக்ரிலிக் மட்டும். வெயிலில் வெளிறிய பெயிண்ட் போல இருக்கிறதென்று அந்தச் சாம்பலை அப்படியே விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

உள்தகடு:
எல்லாரும் வெளியே துருவை அள்ளிப் பூசுறாங்க. பாக்ஸ்என்னில் அடி வாங்குறது உள்பக்கம்தான். நிலக்கரி உராய்ஞ்சு பெயிண்ட் போய், முழுசா துருப்பழுப்பா இருக்கும். வெளியே விலாக்கம்பி அடியிலும் கதவு ஓரத்திலும் மேலிருந்து கீழா மெல்லிய கோடு போதும். பர்ன்ட் அம்பர் (அடர்பழுப்பு) பெயிண்ட் 1, தண்ணி 10. கோடு இழுத்து அரை நிமிஷத்தில் ஈரத் தூரிகையால் கீழ்நோக்கித் துடைங்க. வண்டி எண்ணும் பி.ஓ.எச். (பணிமனையில் செய்யும் காலமுறைப் பெரிய பராமரிப்பு) தேதியும் இருக்கும் கட்டத்தை மட்டும் சுத்தமா விடுங்க. பணிமனையில் புதுசா எழுதின இடம் பழைய அழுக்கு நடுவில் தனியா தெரியும். வேகனுக்கு உயிர் கொடுக்கிறது அதுதான்.

சக்கரத்தின் முகத்துக்குப் பழுப்பு பூசலாம். தண்டவாளத்தில் உருளும் பரப்பிலும் அச்சு முனையிலும் ஒரு துளிகூடப் படக்கூடாது.

கரிச்சுமைக்கு ஃபோம் துண்டை வெட்டிக் கருப்படிச்சு, நொறுக்கிய நிஜ நிலக்கரியை மேலே ஒரு படலம் மட்டும் ஒட்டுங்க. ஃபோமுக்குள்ளே ஒரு இரும்பு வாஷர் புதைச்சா காந்தம் வெச்சுத் தூக்கிடலாம்.

சல்லடை:
ஜல்லிக்கு வருவோம். இங்கே ரயில் பாதையில் போடும் ஜல்லி 20 முதல் 65 மி.மீ. வரை. 87ஆல் வகுத்தால் 0.23–0.75 மி.மீ. கடையில் ஹெச்ஓ என்று விற்பதில் பாதி இதைவிடப் பெரிசு, தண்டவாளத்தின் பக்கத்தில் பாறாங்கல் மாதிரி தெரியும். எம்-சாண்டைக் கழுவிக் காயவைத்து, டீ வடிகட்டியில் பெரிசை நீக்குங்கள், மாவுச் சல்லடையில் தூசியை நீக்குங்கள். பிறகு காந்தத்தை மேலே ஓட்டுங்கள். ஒட்டும் இரும்புத்துகள் ஒவ்வொன்றும் நாளைக்கு எஞ்சின் மோட்டாருக்குள் போகக்கூடியது.

குழி விழக் காரணம், காய்ந்த தூள் மேல் சொட்டு உருண்டு நிற்பது. உலர்ந்த நிலையிலேயே தூரிகையால் தண்டவாளக் கட்டைகளுக்கு இடையே சமப்படுத்திவிட்டு, 70 சதவீத ஆல்கஹாலை மூடுபனி போலத் தெளித்து முழுதும் நனையுங்கள். நனைந்திருக்கும்போதே பசை 1, தண்ணீர் 3, பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு. டிராப்பரை ஜல்லியைத் தொட்டும் தொடாமலும் பிடியுங்கள். ஒரு நாள் காய விடுங்கள். பாதிக்குப் பாதி என்றால் கெட்டி, கீழே இறங்காது.

பாயிண்டில் நாக்கு (தடத்தை மாற்றும் நகரும் தண்டவாளம்) நகரும் இடத்தில் ஜல்லியே வேண்டாம், அங்கே பழுப்புப் பெயிண்ட் போதும். டை-பார் (ரெண்டு நாக்கையும் இணைக்கும் கம்பி) மேல் துளி எண்ணெய் வைத்து, காயும்வரை அரை மணிக்கொரு தடவை நாக்கை நகர்த்திவிடுங்கள்.

கரிவண்டி:
நன்றி அண்ணா. தடம் புரளுறதுக்கு எடை கூட்டினா சரியாகுமா?

சல்லடை:
முதலில் சக்கரங்களின் உள்முகத்துக்கு இடையே அளந்து பாருங்கள். ஏறக்குறைய 14.4 மி.மீ. இருக்க வேண்டும். அடுத்து போகி (வேகனுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) திருகு: ஒன்று சுழல மட்டும் விடட்டும், மற்றது லேசாக ஆடட்டும். ரெண்டையும் இறுக்கினால் மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் தூக்கிக்கொள்ளும். எடை கடைசியில். என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) பரிந்துரை 28 கிராமுடன், வேகன் நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 14 கிராம். பாக்ஸ்என் 10.713 மீட்டர், மாடலில் 123 மி.மீ., ஆக ஏறக்குறைய 97 கிராம். ஈயமோ இரும்போ தரைத்தகட்டை ஒட்டியே இருக்கட்டும், கரிக்கு அடியில் உயரத்தில் வைத்தால் வளைவில் சாயும்.