குடோன் யார் வீட்டுச் சொத்து?

பாரிமுனை:
காவிரிக்கரை நேத்து போட்ட பதிவைப் பார்த்துப் பத்திக்கிட்டு வருது. சரக்கு இறக்கும்போது வெள்ளைக்காரன் கூலிகளைப் பார்த்து "கோ டவுன்"னு கத்தினானாம், அதுவே குடோன் ஆச்சாம். எந்தத் துறைமுகத்துல கத்தினான்? நம்ம கிடங்கு, தெலுங்கு கிடங்கி, அங்கிருந்து மலாய் போய், போர்த்துக்கீசியன் வழியா ஆங்கிலத்துல ஏறின சொல் அது. மூலம் தென்னிந்தியான்னு யூலும் பர்னலும் 1886லேயே, இந்தியாவுல வெள்ளைக்காரன் பேசின சொற்களுக்குன்னு தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில சொல்லியாச்சு. பர்னல் தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தவர், சும்மா அடிச்சு விடுற ஆள் இல்ல.

சங்கப்பலகை:
வந்துட்டாரு, எல்லாம் தமிழ்தான்னு சொல்றவரு. மதுரைக்காஞ்சி படிச்சதுண்டா? "மண்ணுற ஆழ்ந்த மணிநீர்க் கிடங்கின்". கிடங்குன்னா அகழி. தண்ணிக்குள்ளயா மிளகு மூட்டை அடுக்கினாங்க?

பாரிமுனை:
கிட என்பதுதான் வேர். தண்ணி கிடந்தா அகழி, சரக்கு கிடந்தா பண்டகசாலை. இதுக்குப் புலவர் பட்டமா வேணும்?

சங்கப்பலகை:
அகழி. சங்கப் பாட்டுல பண்டகசாலைங்கிற பொருள்ல ஒரு வரி காட்டுங்க, போதும்.

கிள்ளான்:
எங்க மலேசியாவுல, மலாய்ல குடங்னா சரக்கு வைக்கிற இடம், கெடோங்னா கட்டடம். வெனிஸ் வணிகர் ஃபெடரிசி பர்மாவுல இருக்கிற பெகு போயிட்டு வந்து எழுதினது 1588ல ஆங்கிலத்துல வந்துச்சு. அதுல வணிகர்கள் சரக்கு வைக்கிற செங்கல் வீட்டுக்கு "கோடோன்"னு பேரு. செங்கல் கட்டடம்னாலே மலாய் வாசனை அடிக்குதே.

பாரிமுனை:
நல்லா கவனிங்க, 1588ல "கோடோன்". "டவுன்" எங்க? காவிரிக்கரை, இருக்கீங்களா?

காவிரிக்கரை:
இருக்கேன். ஆங்கில அகராதியில ஒரே மடக்குல இறக்குற மதுவுக்கும் "கோ-டவுன்"னு பேரு போட்டிருக்கான். மாடு தண்ணி குடிக்க இறங்குற ஆத்துச் சரிவுக்கும் அதே பேரு. எல்லாமே கீழே போறதுதானே?

பாரிமுனை:
அது வேற சொல்லுய்யா! எழுத்து ஒண்ணா இருந்தா வம்சமும் ஒண்ணா?

நெல்லைச்சீமை:
அண்ணாச்சி, எங்க பக்கம் கிட்டங்கின்னுதான் சொல்லுவோம். யாருமே அதப் பேசலியே.

பாரிமுனை:
அப்படிப் போடுங்க! சிங்கப்பூர் மார்க்கெட் தெருவுல செட்டியார்கள் வட்டிக்கடை வச்சிருந்த இடத்துக்கும் கிட்டங்கின்னுதான் பேரு. பெட்டியடின்னு கணக்குப்பெட்டி போட்டு உக்காந்து கணக்கெழுதி, ராத்திரி அங்கேயே படுத்துக்குவாங்க. மூட்டையும் இல்ல, அகழியும் இல்ல. சொல் பொருள் மாறும்ங்க. ஹாங்காங் துறைமுகத்துல 1886ல ஆரம்பிச்ச கம்பெனி பேர்லயே கோடவுன் இருக்கு. யோகோகாமாவுல வெள்ளைக்காரன் ஜப்பான்காரனோட தீப்பிடிக்காத மண்சுவர் கூராங்கிற சரக்குக் கட்டடத்தையும் கோடவுன்னுதான் சொன்னான். அங்கெல்லாம் அர்த்தம் மாறலாம், மதுரையில மட்டும் அகழியாவே உறைஞ்சு நிக்கணுமா?

சங்கப்பலகை:
ஹாங்காங், யோகோகாமான்னு ஊர் சுத்திக் காட்டுறாரு. ஒரு வரி கேட்டேன், வரல.

கிள்ளான்:
கிட்டங்கியே மலாயிலிருந்து திரும்பி வந்திருக்கலாமே?

பாரிமுனை:
கிள்ளான் சார், அங்க செட்டியார் வந்து இறங்கினதே 19ம் நூற்றாண்டுல. தெலுங்குக்காரன் கிடங்கின்னு சொல்ல உங்க குடங் வந்து பாடம் எடுத்துச்சா?

கிள்ளான்:
நான் சொன்னது செட்டியாருக்கு முந்தின காலம். உங்க ஊர்ல உக்காந்துக்கிட்டு எங்களுக்கே மலாய் சொல்லித்தராதீங்க.

நெல்லைச்சீமை:
சண்ட எதுக்கு, ரெண்டு பக்கமும் கப்பல் போய்ட்டு வந்துருக்கும்லா.

சங்கப்பலகை:
பாரிமுனை கட்டுமரம் விவாதத்துலயும் இதே மாதிரிதான். கேட்ட கேள்விய விட்டுட்டு ஊர்க்கதை.

பாரிமுனை:
கட்டுமரத்தை இழுக்காதீங்க. அதுல ராத்திரியோட ராத்திரியா உங்க பதிவை அழிச்சது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்.

சங்கப்பலகை:
அகழி.

காவிரிக்கரை:
நான் என் பதிவை எடுக்கப் போறதில்ல. நூத்துப் பத்து பேரு பகிர்ந்தாச்சு.