பழைய லேண்ட்மாஸ்டருக்கு ரொட்டவேட்டர் சாமான் கொழும்பில் எங்கே எடுக்கலாம்?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். ஹோமாகமவில் எங்கள் தென்னங்காணியில் சும்மா நின்ற அப்பாவின் பழைய குபோட்டா லேண்ட்மாஸ்டரை (இரண்டு சக்கரக் கை உழவு இயந்திரம்) மறுபடி ஓட வைத்திருக்கிறோம். ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின். ஒயிலும் பில்டரும் மாற்றியதும் பிடித்துவிட்டது, அந்தக் காலத்து இரும்பல்லவா!

சிக்கல், மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரில்தான். செயின் கேஸ் (செயின் ஓடும் பெட்டி) பக்கம் ஒயில் கசிகிறது. ஒயில் கசியாமல் தடுக்கும் சீல் மட்டும் மாற்றினால் போதுமா? சீல் உரசும் இடத்தில் ஷாஃப்ட் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் நிற்காது என்கிறார் பாஸ் (மெக்கானிக்). லேத்தில் கொடுத்து, தேய்ந்த இடத்துக்கு ஸ்லீவ் (உறை) போட்டவர்கள் இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள். பழைய சீலில் இலக்கம் அழிந்துவிட்டது. உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு அளந்து கொண்டுபோனால் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பொருந்தியது கிடைக்குமா?

ரொட்டவேட்டருக்குக் கத்திகளும் வேண்டும், இடம் வளைந்தது, வலம் வளைந்தது இரண்டுமே. எஞ்சினிலிருந்து இழுவையைக் கடத்தும் வீ பெல்ட்டுகளை ஒன்றொன்றாக மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். எனக்கு உடன்பாடில்லை. பழையது இழுபட்டுத் தளர்ந்திருக்கும், சுமை முழுக்கப் புதியதிலேயே விழும். செட்டாகவே வாங்கப்போகிறேன்.

இன்னொன்று: தென்னைக்கிடையில் புல் வெட்ட, முன்னால் புல்வெட்டி பூட்டியவர்கள் யாரும் உண்டா? படம் இருந்தால் போடுங்கள். மஹரகம, கொட்டாவ பக்கம் நம்பிக்கையான பாஸ் தெரிந்தாலும் சொல்லுங்கள்.