தாத்தாவின் ராலே சைக்கிளில் காட்பாடியிலிருந்து சத்துவாச்சாரிக்குத் தினமும் போய்வர இயலுமா?

காட்பாடிவாசி:
அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா ஓட்டிய ராலே சைக்கிள், அவர் காலமானது முதல் வீட்டின் பின்கட்டில் சாக்கு போர்த்தி நிற்கிறது. காந்தி நகரிலிருந்து விருதம்பட்டு, பாலாற்றுப் பாலம், கிரீன் சர்க்கிள் வழியாக வேலூர்ச் சத்துவாச்சாரியில் உள்ள அலுவலகத்துக்கு அதில் தினமும் செல்ல விரும்புகிறேன். கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் கம்பி பிரேக், கியர் கிடையாது, பெடல் பக்கம் 48 பல், பின்சக்கரத்தில் 18 பல். முன்புற முத்திரையில் நாட்டிங்காம் என்று பொறித்திருக்கிறது. பெயின்ட் அடித்துப் புதிதாக்கிவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். தாத்தாவின் கை பட்டுத் தேய்ந்த அந்தக் கறுப்பை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய சைக்கிள் கடைக்காரர்:
தம்பி, பெயின்ட் அடிக்க வேண்டாம். முதலில் முழுதாகப் பிரித்து ஓவராயிலிங் செய்யுங்கள். இத்தனை ஆண்டு நின்ற வண்டியில் கிரீஸ் கட்டியாகியிருக்கும், பால்ரஸ்ஸில் துரு ஏறியிருக்கும். 28 அங்குலச் சக்கரத்துக்கான ஒன்றரை அங்குல டயரும் டியூபும் நம் ஊர்க் கடைகளில் இன்றும் கிடைப்பதால் அதில் கவலையில்லை.

கவனம் வேண்டிய இடம், இரு பெடல் தண்டுகளையும் இணைத்துச் சட்டத்துக்குள் சுழலும் பெடல் அச்சு. நாட்டிங்காமில் செய்த பழைய ராலே வண்டிகளில் அந்த இடத்து மரை அங்குலத்துக்கு 26 சுற்று; மற்ற பெரும்பாலான வண்டிகளில் 24. அந்த அச்சைத் தாங்கும் கிண்ணமான கப்பைக் கடையில் வாங்கி வலிந்து முறுக்கினால் சட்டத்தின் மரையே அழிந்துவிடும், பிறகு அதைச் சரிசெய்வது பெரும்பாடு. ஆகவே பழைய கப்பையே துடைத்துப் பயன்படுத்துங்கள். பால்ரஸ்ஸை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் போதும். பெடல் தண்டை அச்சோடு பிணைக்கும் காட்டர் ஆணியைப் புதிதாகப் போட்டு, சில நாள் ஓட்டிய பின் நட்டை மறுபடி இறுக்குங்கள். தளர்ந்த காட்டரோடு ஓட்டினால் ஒவ்வொரு மிதிக்கும் கட்டென்று சத்தம் வரும், ஆணியும் தேய்ந்துபோகும்.

தொரப்பாடி ஆசிரியை:
நான் அம்பத்தூரில் தயாரான பழைய ஹெர்குலிஸில் பள்ளிக்குச் செல்கிறேன். கடைக்கார ஐயா சொன்னவற்றோடு ஒன்று சேர்க்கிறேன். 48க்கு 18 என்றால் ஒரு மிதிக்குப் பின்சக்கரம் 2.67 சுற்று சுற்றும். சமதரையில் சுகமாக இருந்தாலும், எதிர்காற்றில் பாலத்தைக் கடக்கும்போதும் கத்திரி வெயிலிலும் முழங்கால் வலிக்கும். பின்சக்கரத்தில் 22 பல் ஃப்ரீவீல் (பல்சக்கரம்) போட்டால் அது ஏறத்தாழ 2.2 ஆகும். செயினில் ஓரிரு கண்ணி கூட்ட வேண்டிவரலாம். பழைய ஃப்ரீவீலைத் துடைத்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எப்போது வேண்டுமானாலும் திரும்பப் போடலாம்.

மழைதான் உண்மையான ஆபத்து. கம்பி பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தை அழுத்திப் பிடிப்பவை. குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்துவிட்டால் பிடிப்பு பெருமளவு குறைந்துவிடும். நிற்க வேண்டிய இடத்துக்கு வெகுமுன்பே லேசாகப் பிடித்து நீரைத் துடைத்தபடி செல்லுங்கள். கனமழையில் ஓட்டாதீர்கள். கிரீன் சர்க்கிளில் புதிய பேருந்து நிலையத்துக்குத் திரும்பும் பேருந்துகள் இடப்பக்கம் ஒடிப்பதால், அந்தச் சிறிது தூரத்தை நான் எப்போதும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் கடக்கிறேன்.

காட்பாடிவாசி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஃப்ரீவீலையும் பிரேக் கட்டைகளையும் மட்டும் மாற்றுகிறேன். தோல் சீட் காய்ந்து விறைத்திருக்கிறது. அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

பழைய சைக்கிள் கடைக்காரர்:
எண்ணெய் வேண்டாம் தம்பி. தோல் ஊறி நடுவில் தொய்ந்துவிடும். தோலுக்கான மெழுகை அடிப்பக்கமாக மெல்லத் தடவி இரண்டு நாள் நிழலில் வையுங்கள். சீட் மூக்கின் அடியில் உள்ள நட்டை, தோல் தொய்ந்திருந்தால் மட்டும் திருகுங்கள்; அதுவும் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.