மணலில் பழுப்புச் சளி, பாறையில் பச்சை முடி, டெஸ்டில் மட்டும் எல்லாம் ஜீரோ

அலைவாய் (கேள்வி):
200 லிட்டர் ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி), உலர்பாறையில் (உயிரில்லாத காய்ந்த பாறை) தொடங்கி 7 மாதம் ஆகிறது. உப்பு (ஒப்படர்த்தி) 1.025, அல்கலினிட்டி (காரத்தன்மை) 8 டிகேஹெச், ஆர்ஓ டிஐ முறையில் சுத்திகரித்த தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்த பொருளின் அளவு) 0. பாறையில் முடிப்பாசி வந்ததால் ரியாக்டரில் (தண்ணீர் ஊடுருவி ஓடும் குழல்) ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணிகள்) ஓடுகிறது. 3 வாரமாக நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் 0. முடிப்பாசி அப்படியே இருக்கிறது. கூடவே இப்போது மணல்மேல் பழுப்புச் சளி. மதியத்துக்கு மேல் நூல்நூலாக எழும்பி, நுனியில் காற்றுக்குமிழ் நிற்கிறது. காலையில் விளக்கு போடும் முன் பார்த்தால் மணல் வெள்ளையாக இருக்கிறது. 3 நாள் இருட்டில் வைத்தும் ஒரே வாரத்தில் திரும்பிவிட்டது. டர்போ நத்தைகள் கவிழ்ந்து சாகின்றன. தண்ணீரை இன்னும் அதிகம் மாற்றுவதா, ஜிஎஃப்ஓவைக் கூட்டுவதா?

உவர்நீர்:
இரண்டும் வேண்டாம். ஜிஎஃப்ஓவை இன்றே எடுத்துவிடுங்கள்.

காலையில் வெள்ளை மணல், மதியம் குமிழோடு சளி, நத்தைச் சாவு. மூன்றும் சேர்ந்தால் முதல் சந்தேகம் டைனோஃப்ளாஜெல்லேட் (சுருக்கமாக டைனோ) என்ற நுண்ணுயிர்தான். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அடியோடு வற்றிய டேங்கில் அதற்குப் போட்டியாக வளரும் பாக்டீரியாவும் டயாட்டம் என்ற நுண்பாசியும் பட்டினியில் ஒடுங்கிவிடும். டைனோ தாக்குப்பிடித்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஜீரோவுக்கு இறக்கியபிறகு இது தலைகாட்டியிருக்கிறது.

முதலில் உறுதி செய்யுங்கள். சிரிஞ்சில் கொஞ்சம் சளியை உறிஞ்சி, டேங்க் தண்ணீரோடு ஒரு சின்னப் பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். காபி வடிகட்டும் தாளில் வடித்து, இறங்கிய தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் விளக்கடியில் 1 மணி நேரம் வையுங்கள். தெளிந்த தண்ணீரில் மறுபடி நூலும் கட்டியும் திரண்டால் அது டைனோ. டயாட்டம் அப்படித் திரளாது. சயனோ (சயனோபாக்டீரியா) என்றால் குலுக்குவதற்கு முன்பே தெரிந்துவிடும்: செம்பழுப்பு ஏடாக, தோல்போல உரிந்து வரும்.

400 மடங்கு மைக்ராஸ்கோப் கிடைத்தால் இனத்தையும் பாருங்கள், வைத்தியம் அதைப் பொறுத்தது. எள் விதை வடிவில், ஒரு முனையைக் கட்டிவிட்டதுபோல அதே இடத்தில் சுழன்றால் ஆஸ்ட்ரியோப்சிஸ். முட்டை வடிவில், சிறு மூக்கோடு வழுக்கிக்கொண்டு போனால் ஆம்ஃபிடினியம்.

பவளத்தோட்டம்:
முடிப்பாசி இருக்கும்போது டெஸ்டில் வரும் ஜீரோவை நம்ப வேண்டாம். பாறையிலிருந்து கசியும் பாஸ்பேட்டைப் பாசி அங்கேயே தின்றுவிடுகிறது, தண்ணீரில் மிச்சம் எதுவும் இல்லாததால் டெஸ்ட் கிட்டில் நிறம் வருவதில்லை.

அதைக் கையால்தான் குறைக்க வேண்டும். வாரம் ஒரு பாறை போதும். டேங்க் தண்ணீர் நிரப்பிய வாளியில் வைத்து டூத்பிரஷ்ஷால் தேயுங்கள், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். டேங்குக்குள்ளேயே தேய்த்தால் துணுக்குகள் பறந்து புது இடத்தில் ஒட்டும். அப்படித்தான் தேய்க்க வேண்டுமென்றால் சைஃபன் குழாயைப் பிரஷ்ஷோடு சேர்த்துப் பிடித்தபடி தேயுங்கள். நீண்ட முடியை நத்தை தொடாது, கத்தரித்துக் குட்டையாக்கினால்தான் மேயும். புது நத்தை மட்டும் இப்போது வாங்காதீர்கள், டைனோ விஷத்தில் அதுவும் போகும்.

சம்ப்மூலை:
முடியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பறவை இறகுபோல நடுநரம்பும் இருபுறமும் கிளையும் இருந்தால் அது பிரயாப்சிஸ். அதற்கு ஃப்ளூகொனசோல் (பூஞ்சைக்கொல்லி மருந்து) கேட்கும், லிட்டருக்கு 5 மி.கி. உங்களுக்கு 1 கிராம் போதும்.

உவர்நீர்:
அளவு சரி, ஆனால் பாறையும் மணலும் அடைத்த இடத்தைக் கழித்து, உண்மையில் இருக்கும் தண்ணீருக்குக் கணக்குப் போட வேண்டும். இந்த நேரத்தில் அதைப் போடுவதும் தவறு. ஃப்ளூகொனசோல் போட்டால் 2 வாரத்துக்கு ஃபில்டரில் உள்ள செயலூட்டிய கார்பனை எடுத்துவிட வேண்டும், டைனோ விஷத்தை உறிஞ்சவோ கார்பன் கட்டாயம் வேண்டும். டைனோ அடங்கட்டும், பிறகு பார்க்கலாம்.

அலைவாய்:
மைக்ராஸ்கோப்பில் எள் வடிவம்தான், ஒரே இடத்தில் சுழல்கிறது. முடியில் நடுநரம்பு இல்லை. பாஸ்பரஸ் செக்கர் (கையடக்க அளவுக் கருவி) 4 பிபிபி (நூறு கோடியில் 4 பங்கு) காட்டுகிறது.

உவர்நீர்:
அப்படியானால் ஆஸ்ட்ரியோப்சிஸ். செக்கர் காட்டுவது பாஸ்பரஸ், பாஸ்பேட் அல்ல. 3.066 ஆல் பெருக்குங்கள்: 12 பிபிபி, அதாவது 0.012 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு 1 பிபிஎம்). இந்த வகைச் செக்கரில் ±5 பிபிபி பிழை சகஜம், ஆகவே ஜீரோ என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இலக்கு நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.05 முதல் 0.1. சோடியம் நைட்ரேட் 13.7 கிராமை ஆர்ஓ தண்ணீரில் கரைத்து 1 லிட்டராக்கினால் 1 மி.லி.யில் 10 மி.கி. நைட்ரேட். 200 லிட்டருக்கு 20 மி.லி. விட்டால் 1 பிபிஎம் ஏறும். ட்ரைசோடியம் பாஸ்பேட் டோடெகாஹைட்ரேட் 4 கிராமை இன்னொரு பாட்டிலில் அதேபோல 1 லிட்டராக்குங்கள். அதில் 10 மி.லி. 0.05 பிபிஎம் ஏற்றும். மறுநாள் பாஸ்பேட் மறுபடி ஜீரோ காட்டும். தண்ணீரில் கூடும்போது உலர்பாறை உறிஞ்சிக்கொள்கிறது, அவ்வளவுதான். தினமும் அளந்து விடுங்கள், ஒரேயடியாக ஊற்ற வேண்டாம்.

ஆஸ்ட்ரியோப்சிஸ் இரவில் மணலைவிட்டுத் தண்ணீரில் மிதக்கும், காலையில் மணல் வெள்ளையாகத் தெரிவது அதனால்தான். யூவி (நுண்ணுயிரைக் கொல்லும் புற ஊதா விளக்கு) அடிக்க வேண்டிய நேரமும் அந்த இரவே. 18 வாட் யூவியைச் சம்ப்பில் (வடிகட்டும் துணைத்தொட்டி) வைக்காமல், டேங்கிலிருந்து எடுத்து டேங்குக்கே திரும்பும்படி மாட்டுங்கள். மணிக்கு 200 முதல் 600 லிட்டர் ஓட்டம் போதும். யூவி இல்லாமல் இருட்டடித்ததால்தான் போன முறை திரும்பி வந்தது. யூவியோடு 3 நாள் மறுபடி இருட்டாக்குங்கள். அதற்கு முன் மதியத்தில், சளி தடித்திருக்கும்போது, 10 மைக்ரான் பைவழியே உறிஞ்சி, வடிந்த தண்ணீரைச் சம்ப்பிலேயே விடுங்கள். கார்பனை 3 நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பவளத்தோட்டம்:
நைட்ரேட் ஏறத் தொடங்கியதும் முடிப்பாசி இன்னும் கொஞ்சம் தழைக்கும். பதறி ஜிஎஃப்ஓவைத் திரும்பப் போட்டுவிடாதீர்கள், பிரஷ்ஷை நிறுத்தாமல் இருங்கள். மணல் 3 வாரம் தொடர்ந்து மதியத்திலும் வெள்ளையாக நின்றால், முதலில் ஒரே ஒரு ட்ரோகஸ் நத்தையை விடுங்கள். அது கவிழ்ந்தால் தானே நிமிரக்கூடியது. ஒரு வாரம் சுறுசுறுப்பாக மேய்ந்தால் மீதியை வாங்கலாம்.