8 ரேமையும் ஒரே சிபியு பக்கம் சொருகுனா தப்பா?

லவ்டேல்வாசி:
எஸ்டேட் ஆபீஸ்க்கு பழைய ரேக் சர்வர் ஒண்ணு வாங்குனோம், ரெண்டு சியான் இ5 வி4 சிபியு, ரேம் சொருக 24 ஸ்லாட்டு. இலை எடை கணக்கு, சம்பளம், மூணு விர்ச்சுவல் மெஷின் (ஒரே சர்வருக்குள்ள தனித்தனி கம்ப்யூட்டர் மாதிரி ஓடுறது), அவ்ளோதான் ஓடுது. 16 ஜிபி ரேம் ஸ்டிக் எட்டு இருந்துச்சு, முதல் சிபியு பக்கமே வரிசையா சொருகிட்டேன். 128 ஜிபி காட்டுது, ஆனா லினக்ஸ்ல நியூமா (எந்த சிபியு பக்கம் எவ்ளோ ரேம்னு காட்டுறது) பாத்தா ரெண்டாவது நோடுல, அதாவது ரெண்டாவது சிபியு பக்கம், 0ன்னு வருது. அப்படியே விட்ரலாமா? சல்லிசா கெடைச்சுதுன்னு 32 ஜிபில எல்ஆர்டிம் ரக ஸ்டிக் ரெண்டும் வாங்கி வச்சிருக்கேன், அதையும் சேக்கலாமா?

குன்னூர்_சர்வீஸ்:
விட்ருங்கண்ணா. 128 காட்டுதுல்ல, அப்புறம் என்ன. ஓடுற வண்டிய எதுக்கு பிரிக்கணும்.

கொடை_லினக்ஸ்:
அண்ணே அப்படி சொல்லாதீங்க. இந்த சிபியு ஒவ்வொண்ணுக்கும் நாலு சேனல் (ரேமுக்குப் போற தனி வழி), சேனலுக்கு மூணு ஸ்லாட்டு. டிடிஆர்4 2400 ரக ரேம்ல ஒரு சேனலுக்கு நொடிக்கு 19.2 ஜிபி. எட்டையும் ஒரே பக்கம் அடைச்சா நாலு சேனல்தான் ஓடும், 76.8. நாலு நாலா பிரிச்சா எட்டு சேனலு, 153.6. அதே ஸ்டிக்கு, பைசா செலவில்ல. இப்ப ரெண்டாவது சிபியுவுக்கு ஒவ்வொண்ணும் ரெண்டு சிபியுவையும் இணைக்கிற க்யூபிஐ லிங்க் தாண்டித்தான் வரணும், பக்கத்து வீட்டு குழாய்ல தண்ணி புடிக்கிற கதைதான்.

குன்னூர்_சர்வீஸ்:
கணக்கு சரி தம்பி. இலை எடை போட நொடிக்கு 150 ஜிபி எதுக்கு? இப்ப ஜனவரி, காலைல புல்லு பூரா உறைபனி, மதியம் காத்து காஞ்சு கெடக்கு. கம்பளி ஸ்வெட்டரோட ஹீட்டர் பக்கத்துல உக்காந்து ரேம் கழட்டுன ஒருத்தர எனக்கு தெரியும், உடம்புல ஏறுன ஸ்டாட்டிக் கரண்ட்ல ரெண்டு ஸ்டிக் போச்சு. கதவு கைப்பிடி தொட்டாலே சுள்ளுங்குது, இதுல கழட்டி மாட்டுறேன்னு கெளம்பாதீங்க.

கொடை_லினக்ஸ்:
ஸ்வெட்டர கழட்டிட்டு அந்த கரண்ட வடிக்கிற ரிஸ்ட் ஸ்ட்ராப்ப கையில மாட்டி, சர்வரோட இரும்பு சேசிஸ்ல கிளிப் பண்ணிக்கலாமே? பவர் ஒயர் ரெண்டையும் புடுங்கிட்டு செய்யுற அஞ்சு நிமிஷ வேலைங்க இது, அதுக்குப் பயந்து பாதி சேனல சும்மா போடுவீங்களா!

பழைய_இரும்பு:
ரெண்டு பேரும் எல்ஆர்டிம் கேள்விய விட்டுட்டீங்க. அதை மாட்டாதீங்க, ஆர்டிம், எல்ஆர்டிம்னு சர்வர் ரேம்ல ரெண்டு ரகம், ரெண்டும் ஒரே மெஷின்ல சேராது, மெஷின் ஸ்டார்ட்டே ஆகாது. லேபிள்ல 2400டி-க்கு அப்புறம் ஆர்னு இருந்தா ஆர்டிம், எல்னு இருந்தா எல்ஆர்டிம். லேபிள் கிழிஞ்சிருந்தா ஸ்லாட்டுக்குள்ள போற தங்கப் பல்லுக்கு மேல பாருங்க, எல்ஆர்டிம்ல குட்டியா ஒம்பது சிப்பு வரிசையா இருக்கும்.
அப்புறம் காலி ஸ்லாட்ல பிளாஸ்டிக் டம்மி இருந்தா தூக்கி எறியாதீங்க. அது இல்லன்னா காத்து காலி இடமா பாத்து ஓடிரும், ஸ்டிக் மேல படாது.

குன்னூர்_சர்வீஸ்:
ஊட்டி குளிர்ல டம்மி வேறயா 😀

பழைய_இரும்பு:
சிரிங்க சிரிங்க. ஊட்டி 2240 மீட்டர் ஒசரம், காத்து லேசு, சூட்ட கம்மியாத்தான் அள்ளிட்டு போகும். ஆஷ்ரேன்னு சர்வர் ரூம் சூட்டுக்கு அளவு சொல்ற அமைப்பு இருக்கு, அவங்க கணக்குல 900 மீட்டருக்கு மேல 300 மீட்டருக்கு ஒரு டிகிரி கழிக்கணும், 35 டிகிரி தாங்குற மெஷினுக்கு அங்க 30 சொச்சம்தான். ரூமுக்குள்ள ஹீட்டர் போட்டு சர்வரையும் அங்கயே வச்சிருக்கற ஆபீஸ் எத்தனை பாத்திருக்கேன்.

லவ்டேல்வாசி:
பிரிச்சு போட்டுட்டேங்க. வெள்ளை கிளிப் உள்ள ஸ்லாட்டுதான் ஒவ்வொரு சேனலுக்கும் முதல் ஸ்லாட்டுன்னு மூடிக்கு உள்ள ஒட்டியிருந்த படத்துல இருந்துச்சு, அதுல நாலு நாலு. ஆன் பண்ணதும் ரெண்டு மூணு நிமிஷம் கறுப்பு ஸ்க்ரீன், அய்யோ குன்னூர் அண்ணா சொன்னது பலிச்சிருச்சுன்னு நெனச்சேன், மெமரி ட்ரெயினிங்காம், புது இடத்துல இருக்கற ரேமுக்கு ஏத்த மாதிரி மெஷின் தன்ன சரிபண்ணிக்குதாம். வந்துச்சு, ஆனா 112தான் காட்டுச்சு. திரும்ப தொறந்து பாத்தா ஒரு ஸ்டிக்குல ஒரு பக்க கிளிப்ப நானே கையால தள்ளி மூடியிருக்கேன். எடுத்துட்டு ரெண்டு முனையும் சமமா அமுக்குனதும் டக்குனு தானா ஏறுச்சு. இப்ப நோடுக்கு 64.

கொடை_லினக்ஸ்:
சூப்பர். விர்ச்சுவல் மெஷின் ஒவ்வொண்ணும் ஒரே நோடுக்குள்ள அடங்குற மாதிரி வச்சுக்கங்க.

குன்னூர்_சர்வீஸ்:
இலை எடை வேகமா ஏறுதாண்ணா?

லவ்டேல்வாசி:
அதுல ஒரு வித்தியாசமும் தெரியலண்ணா. ராத்திரி பேக்கப்பு ஓடுறப்ப மத்த மெஷின் திணறும், அது நின்னுருச்சு.

குன்னூர்_சர்வீஸ்:
சரி, பேக்கப்புக்காக ஒத்துக்கறேன். அந்த ரெண்டு எல்ஆர்டிம் விலைக்கு தர்றீங்களா? எங்கிட்ட அதே ரகத்துல ரெண்டு கெடக்கு, சனிக்கிழமை வர்றேன்.