மினியாபொலிஸ் குளிரிலிருந்து ஹூஸ்டனுக்கு லெப்பர்ட் கெக்கோ அனுப்புவது எப்படி?

நான் வளர்க்கும் இரண்டு லெப்பர்ட் கெக்கோ பல்லிகளை ஜனவரி இறுதிக்குள் மினியாபொலிஸிலிருந்து ஹூஸ்டனில் இருக்கும் என் தங்கைக்கு அனுப்பியாக வேண்டும். இங்கே இரவில் மைனஸ் 15 டிகிரி செல்சியஸ், அங்கே பகலில் 18 டிகிரி. ஒரே பெட்டி இந்த இரு வெப்பநிலைகளையும் தாங்க வேண்டும் என்பதே சிக்கல்.

பல்லிகள் இரண்டும் முழு வளர்ச்சி அடைந்தவை; ஒவ்வொன்றும் சுமார் 60 கிராம், வால் பருத்து நலமாக உள்ளன. துளையிட்ட தனித்தனி டப்பாக்களில் கசக்கிய காகிதத் துவாலையை இட்டு, உட்புறம் தெர்மாகோல் பதித்த அட்டைப்பெட்டியில் அவற்றை வைத்து, மூடியின் அடியில் 40 மணி நேர வெப்பப் பொதியை (உள்ளிருக்கும் இரும்புத்தூள் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து சூடு தரும் பை) ஒட்டி, பல்லிகள் இல்லாமல் வெப்பமானியை மட்டும் வைத்து காரேஜில் சோதித்தேன். முதல் சில மணி நேரத்திலேயே டப்பாவுக்குள் 34 டிகிரி வரை ஏறியது. பெட்டியின் காற்றுத் துளைகளைக் குறைத்தபோது, இரும்புத்தூளுக்கு ஆக்சிஜன் போதாமல் பொதி விடியுமுன்பே ஆறிவிட்டது. 72 மணி நேரப் பொதியோ நள்ளிரவில் 15 டிகிரிக்கு இறங்கவிட்டது. பல்லிதானே, தாங்கிக்கொள்ளும் என்கிறார்கள். தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாத உயிரை அப்படி விட மனம் வரவில்லை.

விமானத்தில் உடன் கொண்டுசெல்ல அனுமதி கிடைக்கவில்லை. ஓரிரவு கூரியர் சேவை, மையத்திலேயே பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு, இனப்பெயரும் எண்ணிக்கையும் எழுதிய வெளிச்சீட்டு ஆகியவை தயார்.

40 மணி நேர வெப்பப் பொதியுடன் 22 டிகிரியில் உருகும்போது வெப்பத்தை உள்வாங்கி உறையும்போது வெளிவிடும் ஜெல் பொதியையும் பெட்டிக்குள் எங்கெங்கே வைத்தால், வழிநெடுக வெப்பநிலை 20 முதல் 28 டிகிரிக்குள் நிற்கும்?