உங்கள் இரைப்பையை நீங்கள் பார்த்தது எப்போது?

போன மாதம் எனக்கு எண்டோஸ்கோப்பி எடுத்தார்கள், வாய் வழியாகக் கேமரா டியூப் விட்டு இரைப்பையைப் பார்ப்பது. ஆறு மாதமாக, சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குழி எரியும். "வயிற்றில் புண் இருக்குமா டாக்டர்?" என்று தொப்புளைத் தடவிக்கொண்டே கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "அங்கே இருப்பது குடல் சார். இரைப்பை மேலே" என்று இடது விலா எலும்புக்குக் கீழே தட்டிக் காட்டினார். நாற்பத்தாறு வயதில் தெரிந்துகொண்டேன்!

காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. தொண்டையில் கசப்பாக ஒரு ஸ்ப்ரே. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பல்லுக்கு நடுவே பிளாஸ்டிக் வளையம். மயக்கம் வேண்டாம் என்று வீரமாகச் சொல்லியிருந்தேன், அடுத்த தடவை சொல்ல மாட்டேன்.

ஆனால் திரையில் தெரிந்ததை மறக்க முடியவில்லை. ஈரமான இளஞ்சிவப்பு, உழுத வயல் மாதிரி நீள நீளமாக மடிப்புகள். காற்றை உள்ளே விட்டதும் மடிப்பெல்லாம் விரிந்து வழவழவென்று ஆனது. சுருங்கிக் கிடக்கிற பை சாப்பாட்டுக்கு ஒரு லிட்டருக்கு மேல் இடம் கொடுப்பது இப்படித்தானாம். எனக்கோ ஏப்பம் ஏப்பமாக வந்தது, "அடக்குங்க, அடக்குங்க" என்று நர்ஸ். கோடியில் ஒரு வட்டத் துவாரம், மீன் வாய் போல மூடித் திறந்தது. சிறுகுடலுக்குப் போகிற வாசல் அது. அப்புறம் டியூப் உள்ளேயே வளைந்து மேலே திரும்பியது. உணவுக்குழாய் வழியாக அதே கறுப்பு டியூப் இறங்குவது தெரிந்தது, தன் வாலையே பார்க்கிற பாம்பு மாதிரி.

அந்த வாசலுக்கு முன்னால் சிவந்திருந்தது. துளியளவு சதை கிள்ளி மஞ்சள் ஜெல்லில் போட்டார்கள், இளஞ்சிவப்பாக மாறியது. கிருமி இருக்கிறது என்று அர்த்தமாம், பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் 1984-இல் வேண்டுமென்றே குடித்துப் பார்த்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டாரே, அதே கிருமி. கூட ஆராய்ந்த ராபின் வாரனோடு சேர்த்து அவருக்கு 2005-இல் நோபல் கிடைத்தது. எனக்குப் பதினான்கு நாள் மாத்திரை.

*

சார், உங்கள் கேள்விக்கு என் பதில். நான் எக்ஸ்ரே டெக்னீஷியன். நின்றபடி எடுக்கிற நெஞ்சுப் படத்தில், இடது உதரவிதானத்துக்கு (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசை) அடியில் கறுப்பாக ஒரு குமிழ் தெரியும். "கட்டியா தம்பி?" என்று கேட்காத அம்மாக்களே இல்லை. இரைப்பையின் மேல்பகுதியில் தங்குகிற காற்று அது, அவ்வளவுதான். ஒரே ஒருமுறை, ஒருவருக்குக் குமிழ் வலப்பக்கம் வந்தது. இடம் வலம் குறிக்கும் மார்க்கரை மாற்றி வைத்துவிட்டேனோ என்று பதறி மறுபடி எடுத்தேன். அவருக்கு இதயமும் வலப்பக்கம்தான். அது அவருக்கே அன்றுதான் தெரியும்.

*

நான் பார்த்தது ஆட்டின் இரைப்பையை, அதுவும் அடுப்படியில். மாமியார் போட்டி (ஆட்டுக் குடலும் இரைப்பையும்) கழுவும்போது பக்கத்தில் உட்காருவேன். ஒரு துண்டு டர்க்கி டவல் மாதிரி, ஒன்று தேன்கூடு, ஒன்று புத்தகத் தாள் அடுக்கு. நான்காவது மட்டும் வழுவழுப்பாக மடிப்போடு இருக்கும். அமிலம் சுரக்கிற அறை அது ஒன்றுதான். நம் இரைப்பைக்கு நிகரானதும் அதுவே. அண்ணே, மாத்திரை முடிந்ததும் திரும்ப டெஸ்ட் எடுத்தீர்களா?

*

இன்னும் இல்லைம்மா. முடிந்து நாலு வாரம் கழித்துதான் வரச் சொல்லியிருக்கிறார். இந்த முறை ஊதிப் பார்க்கிற டெஸ்டாம், டியூப் கிடையாது. எரிச்சல் குறைந்திருக்கிறது. போட்டி என்று நீங்கள் சொன்னதும் பசிக்கிறது.